புகைவண்டியை இசைத்த கலைஞர்

புகைவண்டியின் கூவலும் சக்கரங்களின் தாளமும் எம்போன்ற இரயில்வே ஊழியர்க்கு அன்றாட ஓசைகள். அவற்றை மௌத் ஆர்கனில் எழுப்பிப் புகழ்கொண்டவர் டீஃபோர்டு பெய்லி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்.

டென்னசி மாநிலத்தில் 1899-ஆம் ஆண்டு பிறந்தார். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு ஓராண்டு படுக்கையில் கிடந்தார். அக்காலத்தே மௌத் ஆர்கனே அவருக்குத் துணை. உடல் வளர்ச்சி குன்றியது, கலையோ ஓங்கியது. பான் அமெரிக்கன் என்னும் விரைவு வண்டியின் பெயர் தாங்கிய அவரது புளூஸ் இசை 1927-இல் தட்டில் பதிவாயிற்று. மறு ஆண்டு நாஷ்வில் நகரில் விக்டர் நிறுவனத்தார்க்கும் இசைத்தார்.

நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் பல்லாயிரவர் அவர் இசையில் மகிழ்ந்தனர். ஆயினும் உடன் சென்ற வெள்ளையரை வரவேற்ற விடுதிகள் அவருக்குக் கதவடைத்தன. 1941-இல், பாடல் உரிமைத் தகராற்றின் இடையே, நிகழ்ச்சியினின்றும் நீக்கப்பெற்றார். பின்னர்ப் பாதரட்சைகளுக்கு மெருகிடும் கடையே அவர் குடும்பத்தைக் காத்தது.

1982-இல் மறைந்தார். நாட்டுப்புற இசைப் பெரியோர் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005-இல். 23 ஆண்டுத் தாமதம். கலைஞரைப் போற்றுவதாயின், அவர் செவி கேட்கும் காலத்திலேயே போற்றுவோமாக!