நாற்காலி மாறும், பணி நிற்காது
அருளாளர் பாடுகளின் மரியா வாழ்வு தரும் சிந்தனை



ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நம் கான்வென்ட் பள்ளிகளுக்கு மாற்றல் கடிதங்கள் வந்துவிடும். பல ஆண்டுகள் பழகிய தலைமைச் சகோதரி பெட்டியைக் கட்டுவார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருப்பார். புதிய மதர் எப்படி இருப்பாரோ, பழையவர் அடிக்கல் நாட்டிய கட்டடத்தை இவர் கட்டி முடிப்பாரோ மாட்டாரோ என்று பெற்றோரும் ஆசிரியைகளும் பேசிக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால் இந்தக் கவலை இயல்பானதே.

இத்தகைய நாட்களில் ஒரு பெண்மணியின் வாழ்வை நினைத்துப் பார்ப்பது நல்லது. பிரான்சு நாட்டில் பிறந்தாலும், அவர் ஒரு துறவற சபைக்கு அன்னையானது நம் மலைப்பகுதியில்தான். அவரே அருளாளர் பாடுகளின் மரியா.

அழைப்பும் தடைகளும்

1839-ஆம் ஆண்டு மே 21 அன்று நாந்த் நகரில் ஓர் உயர்குடியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எலேன். 1856-இல் ஒரு தியானத்தின்போது இறைவனின் அழைப்பை உணர்ந்தார். ஆனால் தாயாரின் திடீர் மறைவு அவரை வீட்டிலேயே நிறுத்தியது. 1860-இல் கிளாராவின் மடத்தில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டதால் அங்கிருந்தும் வெளியேற நேர்ந்தது. 1864-இல் துலூஸ் நகரில் பரிகார மரியா சபையில் சேர்ந்து, ஆகஸ்ட் 15 அன்று துறவற உடையையும் பாடுகளின் மரியா என்ற பெயரையும் பெற்றார். அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பொருந்தப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டே, நவதுறவியாக இருக்கும்போதே, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்த மதுரை மறைபரப்புத் தளத்தில், நம் நாட்டுப் பெண்களைத் துறவற வாழ்வுக்குப் பயிற்றுவிக்கும் பணியில் அச்சபைச் சகோதரிகள் ஈடுபட்டிருந்தனர். 1866-இல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1867 ஜூலையில் மூன்று மடங்களுக்கும் சேர்த்து மாநிலத் தலைவியாக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28.

உதகையில் ஒரு வீடு

1874-இல் உதகமண்டலத்தில் ஒரு புதிய மடம் தொடங்கப்பட்டது. இன்று உதகை தனி மறைமாவட்டம். 1955-இல்தான் அது உருவானது. அந்நாளில் நீலகிரி, பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்த கோவை மறைபரப்புத் தளத்தைச் சேர்ந்திருந்தது. மேட்டுப்பாளையம் வரை ரயில் 1873-இல் வந்துவிட்டது. அதற்கு மேல் மலை ரயில் கிடையாது. அது குன்னூரை எட்டியது 1899-இல், உதகையை எட்டியது 1908-இல். அத்தகைய காலத்தில் மலையேறிப் போய் அமைத்த வீடு அது.

அந்த வீடு இரண்டே ஆண்டுகளில் அடைக்கல வீடாக மாறியது. மதுரைத் தளத்தில் சகோதரிகளிடையே கருத்து வேறுபாடுகள் முற்றின. 1876-இல் பாடுகளின் மரியா உட்பட இருபது சகோதரிகள் பரிகார மரியா சபையை விட்டுப் பிரிய வேண்டியதாயிற்று. அவர்கள் உதகையில் ஒன்றுகூடினர். கோவையின் ஆயர் ஜோசப் பர்து ஆண்டகையின் அதிகாரத்தின் கீழ் அவர்களுக்கு இடம் கிடைத்தது. 1886-இல் கோவை மறைமாவட்டமாக உயர்ந்தபோது அதன் முதல் ஆயரானவரும் இவரே.

அந்த ஆண்டை நம் பெரியவர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருந்தார்கள். அதுதான் தாது வருஷப் பஞ்சம். கோவையும் சேலமும் வாடிக் கிடந்த நேரம் அது. கீழே சமவெளியில் மக்கள் உணவின்றி மடிய, மேலே மலையில் இருபது பெண்கள் தங்களுக்குச் சபையும் இல்லை, சட்டமும் இல்லை என்ற நிலையில் காத்திருந்தனர்.

1876 நவம்பரில் அன்னை உரோமைக்குப் புறப்பட்டார். 1877 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று, திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் மரியாவின் மறைபரப்புச் சகோதரிகள் என்ற புதிய சபைக்கு அனுமதி தந்தார். பிரான்சில் சேன் பிரியே நகரில் நவதுறவகம் திறக்கப்பட்டது. 1882 அக்டோபர் 4 அன்று அன்னை புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். இவ்வாறு மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை தன் முகத்தைக் கண்டுகொண்டது.

பறிபோன பொறுப்பு

ஆனால் மிகப் பெரிய சோதனை அதன் பிறகுதான் வந்தது. உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த எதிர்ப்புகளின் விளைவாக, 1883 மார்ச்சில் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். தாமே தொடங்கிய சபையில் அவருக்குத் தலைவி என்ற இடம் இல்லாமல் போயிற்று.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நம்மில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வோம்? நான் கட்டிய கட்டடம், நான் சேர்த்த பிள்ளைகள், நான் இல்லாமல் இது எப்படி நடக்கும் என்று பார்த்துவிடுகிறேன் என்போம். ஆள் சேர்ப்போம், மொட்டைக் கடிதம் எழுதுவோம். அன்னையோ சபையை விட்டு விலகவில்லை. தமக்கென்று ஒரு கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு வேறொரு சபை தொடங்கவும் இல்லை.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் விசாரணைக்கு ஆணையிட்டார். அன்னை குற்றமற்றவர் என்று முழுமையாகத் தெளிவாயிற்று. 1884 ஜூலையில் கூடிய பொதுப்பேரவை அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. இடையில் கடந்தவை பதினாறு மாதங்கள்.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. பொறுப்பை இழப்பவருக்குப் பொறுமை தேவை. பொறுப்பைக் கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் நேர்மையான விசாரணை தேவை. அன்னையின் பொறுமை மட்டும் போதியிருக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து உண்மையைக் கேட்டறிந்ததால்தான் நீதி கிடைத்தது. ஒருவர் அமைதியாக இருக்கிறார் என்பதற்காக அவர்மேல் சொல்லப்பட்டதெல்லாம் உண்மை என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிலைத்தது எது?

1900 ஜூலை 9 அன்று சீனாவின் தையுவானில் அவருடைய மகள்கள் எழுவர் மறைசாட்சிகளாயினர். 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் அன்னை கண்மூடியபோது, சபையில் 86 இல்லங்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகளும் இருந்தனர். 2002 அக்டோபர் 20 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

உதகையின் நாசரேத் கான்வென்ட் பள்ளியும், 1947-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் மகளிர் கல்லூரியும் அச்சபையினர் நடத்துபவை. அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அன்னையின் கதை தெரியும்? தெரியாவிட்டாலும் அவர்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அன்னையும் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று தோன்றுகிறது.

ஆகவே இந்த ஜூன் மாதத்தில், பெட்டியைக் கட்டிப் புறப்படும் சகோதரிக்கு நன்றி சொல்வோம். புதிதாக வருபவருக்குக் கொஞ்சம் காலம் கொடுப்போம். பாதியில் நிற்கும் கட்டடத்தைப் பார்த்து இது யாருடைய திட்டம் என்று கேட்பதைவிட, இதில் எந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று கேட்போம். கல்வெட்டில் எவர் பெயர் இருந்தாலும், மழைக்காலத்தில் அந்தக் கூரை ஒழுகாமல் இருந்தால் போதும்.

அருளாளர் பாடுகளின் மரியாவே, பொறுப்பில் இருப்போருக்காகவும் பொறுப்பை இழந்தோருக்காகவும் மன்றாடும்.