எப்.ஏ.வில் 'பெயில்', கேம்பிரிட்ஜில் பி.ஏ.!
கணக்கில் புலி. காலேஜ் பரீட்சையில் பெயில்! கணித மேதை ராமானுஜன் படித்த கதை இது.

1887-ல் ஈரோட்டில் பிறந்தவர். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். எந்நேரமும் கணக்கு, கணக்குதான். மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். உதவித்தொகை பறிபோனது.

1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் அதே கதைதான். 1907-ல் சென்னைப் பல்கலைக்கழக எப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் பெயில். படிப்பு அதோடு நின்றது.

குமாஸ்தா வேலை

வேலை தேடி அலைந்தார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். மாதச் சம்பளம் ரூ.30.

1913 ஜனவரியில், தான் கண்டுபிடித்த கணக்குகளை கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு தபாலில் அனுப்பினார். ஹார்டி அசந்து போனார்.

விதி தளர்ந்தது

பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடையாது என்பது விதி. அதைத் தளர்த்தி, பெயில் போட்ட அதே பல்கலைக்கழகம் அந்த ஆண்டே மாதம் ரூ.75 கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தந்தால் போதும்!

1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். ஆராய்ச்சிக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் தந்தது. 1918-ல் எப்.ஆர்.எஸ். கவுரவமும் கிடைத்தது.

1919-ல் நோயோடு ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயர் கணித ஆய்வு நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர்தான்.