வெள்ளிக்கிழமை வீணை

இசையே குடும்பச் செல்வமாகத் திகழ்ந்த மரபில் 1867-ஆம் ஆண்டு தோன்றியவர் வீணை தனம்மாள். பெரும்புகழ் பெற்ற பின்னும், சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ரசிகர்களுக்காக வீணை மீட்டினார். அங்கே டிக்கெட் இல்லை; முன்வரிசை யாருக்கு என்று முடிவு செய்யும் நிர்வாகியும் இல்லை. அவர் வேண்டியது அமைதி ஒன்றே. விரலால் எழுப்பிய அம்மெல்லிய நாதம் சிறு பேச்சிலும் கலைந்துவிடும். ஆகவே சந்தடியை அவர் பொறுத்ததில்லை. கடன் நெருக்கியது, முதுமையில் கண்ணொளியும் குன்றியது. ஆயினும் ரசிகரின் அன்பை அவர் விலைபேசினாரல்லர். 1938-இல் மறைந்தார், பேத்தியர் பிருந்தா, முக்தா, பாலசரசுவதி ஆகியோர் அவர் கலையை வளர்த்தனர்.

ரசிகனின் பணப்பையை நாடுவோர் பலர். செவியை நாடியவர் தனம்மாள். தில்லி அரங்குகளின் கடைசி வரிசையில் அமரும் மாணவர்களாகிய நமக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறுண்டோ?