பியேர் பெசியே

பியேர் பெசியே (செப்டம்பர் 1, 1910 - நவம்பர் 25, 1999) பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் ஆவார். கணினி வரைகலையில் பயன்படும் பெசியே வளைவு இவரது பெயரால் அழைக்கப்படுகின்றது.

வாழ்க்கை

பாரிசில் பொறியியலாளர் குடும்பத்தில் பிறந்தார். 1930 இல் எந்திரப் பொறியியலிலும் 1931 இல் மின்பொறியியலிலும் பட்டம் பெற்றார். 1933 முதல் 1975 வரை ரெனால்ட் தானுந்து நிறுவனத்தில் பணியாற்றினார். 1977 இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பெசியே வளைவு

அக்காலத்தில் தானுந்தின் உடல் வடிவம் கையால் வரையப்பட்டது. ஒவ்வொரு படியிலும் அளவுப் பிழைகள் நேர்ந்தன. 1960களில் பெசியே, வளைவைச் சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் எண்களால் குறித்து, அவ்வெண்களைக் கொண்டே வரையும் பொறியையும் வெட்டும் பொறியையும் இயக்கும் யூனிசர்ஃப் முறைமையை உருவாக்கினார். ஒரு புள்ளியை நகர்த்தினால் வளைவும் அதற்கேற்ப மாறும்.

சித்ரோயன் நிறுவனத்தின் பால் டி காசுதெல்யோ 1959 இலேயே இவ்வளைவைக் கண்டறிந்திருந்தார். எனினும் அந்நிறுவனம் அதனை மறைவாக வைத்திருந்தது. பெசியே தமது ஆய்வுகளை வெளியிட்டமையால் அவரது பெயரே நிலைத்தது.

பயன்பாடு

கணினி எழுத்துருக்களும் எஸ்விஜி கோப்புகளும் இவ்வளைவைப் பயன்படுத்துகின்றன. கைவினை வெட்டுபொறிகளுக்காக ஒரு படத்தின் விளிம்பைக் கணினி தடம்பற்றும்போது, அது பெசியே வளைவுகளாகவே சேமிக்கப்படுகின்றது. மிகுதியான புள்ளிகளை நீக்கினால் கத்தி சீராக நகரும்.