ஓரியூர் மறைசாட்சியும் அவர் அன்னையும்

புனிதர்களின் வாழ்வைக் கூறும் சரித்திரப் படங்களில் அரண்மனையும், குதிரைகளும், கடைசியில் கொலைக்களமும் தவறாமல் இருக்கும். புனித அருளானந்தரின் வாழ்க்கையைப் படமாக்க விரும்புவோருக்கு இவற்றில் எதற்குமே குறைவில்லை. ஆனால் அப்படம் ஓரியூரின் வாளில் தொடங்காமல், லிஸ்பன் நகரில் ஒரு தாய் தன் மகனின் நோய்ப்படுக்கையருகே முழந்தாளிட்டிருக்கும் காட்சியில் தொடங்கவேண்டும் என்பது என் ஆசை.

அத்தாயின் பெயர் பிரித்தேஸ் பெரைரா. கணவர் சால்வதோர் தெ பிரித்தோ பிரேசிலில் ஆளுநர் பொறுப்பேற்று, அங்கேயே காலமாகிவிட்டார். 1647 மார்ச் 1 அன்று பிறந்த கடைக்குட்டி ஜான், அரசகுமாரன் பேதுருவின் விளையாட்டுத் தோழனாக அரண்மனையில் வளர்ந்தான். சிறுவனாயிருக்கையிலே கொடிய நோய் கண்டது. வைத்தியர்கள் கைவிட்டனர். தாய் புனித சவேரியாரிடம் மன்றாடி, பிள்ளை பிழைத்தால் இயேசு சபையாரின் அங்கியை ஓராண்டு அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குக் காவி உடுத்தும் நம் தாய்மாரைப் போலத்தான்! பிள்ளை பிழைத்தான். பட்டாடைகளுக்கு நடுவே, சின்னஞ்சிறு கறுப்பு அங்கியுடன் அரண்மனையில் ஓராண்டு வலம் வந்தான்.

ஆண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள். மனத்திலிருந்து அதைக் கழற்ற முடியவில்லை. 1662 டிசம்பர் 17 அன்று, பதினைந்து வயதில், ஜான் இயேசு சபையில் சேர்ந்தார். தாய் இதைப் பொறுத்துக்கொண்டாள். குருப்பட்டம் பெற்ற கையோடு அவர் இந்தியாவுக்குப் புறப்படுகிறார் என்றதும் அவளால் தாங்க முடியவில்லை. போப்பாண்டவரின் தூதர் வரை சென்று முறையிட்டாள். சவேரியாரிடம் கேட்டு வாங்கிய பிள்ளையைச் சவேரியாரின் நாடே திரும்பக் கேட்டது. இதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1673-இல் கப்பல் புறப்பட்டது.

கோவாவில் இறங்கிய குரு, மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்தார். நம் காஞ்சிக்குத் தெற்கே, செஞ்சிச் சீமையில்தான் அவர் முதலில் உழைத்தார். உடையின் மதிப்பைப் பற்றித் தறியோசையில் வளர்ந்த காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முன்னே வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்ததால், தாழ்த்தப்பட்ட மக்களோடு தாராளமாகப் பழக இயலாதிருந்தார். பண்டாரசுவாமிகளுக்கோ எல்லா வீட்டு வாசலும் திறந்திருந்தது. ஆகவே ஜான் காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, புலாலை நீக்கி, அருளானந்தர் என்னும் பெயர் பூண்டார். கால்நடையாகவே செஞ்சி, தஞ்சை, மறவர் சீமை எங்கும் திரிந்தார்.

1686-இல் மறவர் நாட்டில் அவரும் அவருடைய உபதேசியார்களும் பிடிபட்டனர். நீரில் அமிழ்த்தியும் கரடுமுரடான பாறையில் கிடத்தியும் வதைத்தார்கள். அப்போது அவரை விடுதலை செய்தவர் இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதி. தம் நாட்டில் இனிப் போதிக்கக்கூடாது என்பது மட்டுமே மன்னரின் கட்டளை.

பின்பு மறைப்பணியின் பிரதிநிதியாக 1688-இல் லிஸ்பன் சென்றார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாயும் மகனும் சந்தித்தனர். பழைய விளையாட்டுத் தோழன் இப்போது அரசன் இரண்டாம் பேதுரு. தன்னோடு தங்கிவிடும்படி அவன் வற்புறுத்தினான். அரண்மனையிலும் மரக்கறி உணவை விடாத அந்தப் பண்டாரம் இணங்கவில்லை. 1690-இல் மீண்டும் இந்தியக் கரை சேர்ந்தார். தாய் இரண்டாம் முறையும் விடைகொடுத்தாள்.

மறவர் நாட்டுத் தடியத்தேவர் என்னும் தலைவர் நோயிலிருந்து குணமடைந்து, 1693 ஜனவரி 6 அன்று, மூவரசர் திருநாளில், ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன் அவர் தம் மனைவியருள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கவேண்டியிருந்தது. அவர்களுக்கு வாழ வழி செய்து தருவதாகவே அவர் கூறினார். ஆயினும் இளையவளான கதலி சேதுபதியின் உறவினள். அழுதுகொண்டு அரசனிடம் ஓடினாள். நாடகங்களில் அவளைக் கொடியவளாகவே காட்டுகிறார்கள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. எந்தத் தவறும் செய்யாமலே ஒரே நாளில் கணவனை இழந்த பெண்ணின் துயரத்தை நாமும் சற்று எண்ணிப் பார்க்கலாமே.

இரண்டே நாளில், ஜனவரி 8 அன்று, அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்தில் அவரைக் கொன்றால் கலகம் மூளும் என்று அஞ்சிய சேதுபதி, தம் சகோதரர் ஆண்ட ஓரியூருக்கு அனுப்பிவைத்தார். சிறையில் எழுதுகருவி ஏது? கரியை நீரில் குழைத்து மையாக்கி, துரும்பைப் பேனாவாக்கி, சக குருக்களுக்குக் கடிதம் வரைந்தார். அதில் அச்சத்தின் சாயல்கூட இல்லை. 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன். மணல்மேட்டில் முழந்தாளிட்டுச் செபித்து முடித்ததும் அவர் தலை வெட்டப்பட்டது. அவ்வூரின் செம்மணலைப் பக்தர்கள் இன்றும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். 1947 ஜூன் 22 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

செய்தி கடல் கடந்து லிஸ்பனை எட்டியபோது அன்னை இன்னும் உயிரோடிருந்தாள். அரசன் நன்றி வழிபாடு நடத்த ஏற்பாடு செய்து, அவளையும் அழைத்தான். துக்க உடையில் வருவாள் என்று அரசவையினர் காத்திருந்தனர். சிறு மகனுக்குக் கறுப்பு அங்கி அணிவித்து அழகு பார்த்த அந்தத் தாய், திருவிழாவுக்குரிய ஆடை உடுத்தி, அரண்மனைப் படிகளில் ஏறி வந்தாள்.