எந்திரத்துக்கு எழுத்துக் கணக்கு சொன்ன சீமாட்டி

இங்கிலாந்து நாட்டின் பெரும் கவிஞர் பைரன் பிரபு. அவருடைய மகள் அடா. 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆயிற்று. தாய் அதைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். 1816-ல் பைரன் நாட்டைவிட்டே சென்றார். 1824-ல் கிரேக்க நாட்டில் இறந்தார். மகளின் முகத்தை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை.

தாய்க்கு ஒரு பயம். தந்தையின் கவிதைப் பித்து மகளுக்கும் வந்துவிடக் கூடாதே! அதற்குக் கணக்குதான் மருந்து என்று எண்ணினார். ஆசிரியர்களை வைத்து மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். 13 வயதில் அடாவுக்குத் தட்டம்மை கண்டது. கால்கள் முடங்கின. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். படிப்பை மட்டும் விடவில்லை.

பாபேஜின் எந்திரம்

1833-ல் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையை அடா சந்தித்தார். பல்சக்கரங்களால் கணக்குப் போடும் எந்திரத்தைப் பாபேஜ் காட்டினார். 17 வயதுப் பெண் அதில் மனதைப் பறிகொடுத்தார்.

பின்னர் பாபேஜ் இன்னும் பெரிய எந்திரம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். பட்டுத் தறியில் பூ வேலை செய்யத் துளையிட்ட அட்டைகள் உண்டு. அதுபோன்ற அட்டைகளே இந்த எந்திரத்துக்கும் கட்டளை இடும்.

1835-ல் அடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் பின்னர் லவ்லேஸ் பிரபு ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தன. அடா கணக்கை மறக்கவில்லை.

புதிய எண்ணம்

இத்தாலியரான மெனபிரியா அந்த எந்திரம் பற்றிப் பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதியிருந்தார். அடா அதை மொழிபெயர்த்து, தம் குறிப்புகளையும் சேர்த்தார். கட்டுரையைவிடக் குறிப்புகளே நீளம்! 1843-ல் அது அச்சாயிற்று.

எந்திரம் எண்களைக் கூட்டும், பெருக்கும். இது எல்லோருக்கும் புரிந்தது. அடா அதற்கு மேலே போனார்.

ஒரு கிலோ அரிசியின் விலை தெரியாது. அதை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிலோ வாங்கி, 5 ரூபாய் வண்டிக் கூலியும் கொடுத்தால் செலவு 3அ + 5. இதற்குக் கோவை என்று பெயர். எண்களை மட்டுமல்ல, இப்படிப்பட்ட எழுத்துக் கோவைகளையும் எந்திரம் அமைத்துத் தரும் என்று அடா எழுதினார். கடினமான ஒரு கணக்கை எந்திரம் எப்படிப் படிப்படியாகச் செய்யும் என்று அட்டவணையும் போட்டார். அதுவே உலகின் முதல் கம்ப்யூட்டர் நிரல் என்று பலர் கூறுகிறார்கள்.

36 வயதில் முடிவு

அரசாங்கம் பணம் தர மறுத்தது. பாபேஜின் பெரிய எந்திரம் உருவாகவே இல்லை. அடாவைப் புற்றுநோய் பற்றியது. 1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி இறந்தார். தந்தை இறந்ததும் அதே 36 வயதில்தான். அறியாத அந்தத் தந்தையின் பக்கத்திலேயே, அடாவின் விருப்பப்படி, அவரை அடக்கம் செய்தார்கள்.

1990-களில் நியூசிலாந்தில் ‘ஆர்’ என்ற கம்ப்யூட்டர் மொழி பிறந்தது. புள்ளிவிவரக் கணக்குக்கென்றே உள்ள மொழி அது. 3அ + 5 போன்ற கோவையை அதில் எண் போடாமல் அப்படியே வைத்திருக்கலாம். துண்டு துண்டாகச் சேர்த்துப் பெரிய கோவையாகவும் கட்டலாம். விலை தெரிந்த பிறகு எண்ணைக் கொடுத்தால் விடை வரும். அடா காணாத எந்திரங்களில் அந்த வேலை இன்று தினமும் நடக்கிறது.