டாக்டர் கோனிக்

கதவு நிலையையும் புத்தகப் பெட்டியையும் செல் அரித்துவிடின், மணலிவாசிகளாகிய நாம் சினங்கொள்வோமேயன்றி, அச்சிற்றுயிரின் புற்றுக்குள் நிகழ்வது யாதென ஆராய எண்ணுவதில்லை. அதனை ஆராயத் துணிந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பார் 1728-ஆம் ஆண்டில் பால்டிக் கடலையடுத்த லிவோனியா நாட்டிற் பிறந்தவர். ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் லின்னேயஸ் என்னும் பேராசிரியரிடம் தாவர நூல் பயின்றவர். 1768-ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்து சேர்ந்தார். பிணியாளரைப் பேணிய நேரம் போக, எஞ்சிய பொழுதெல்லாம் செடி கொடிகளைச் சேகரித்தலிலேயே கழிந்தது. யாத்திரைகளுக்கு வேண்டிய பொருளை நாடிச் சில ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடம் ஊழியம் பூண்டார். 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் அமர்ந்து, சயாம், மலாக்கா முதலிய தேசங்களையும் கண்டு மீண்டார்.

தஞ்சை நாட்டுக் கரையானைக் குறித்து அவர் வரைந்த கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளிவந்தது. நம் நாட்டார் புற்றில் இரு துளையிட்டு, ஒருபுறம் புகைமூட்டி, மறுபுறம் குடம் வைத்து ஈசல் பிடிக்கும் முறையையும் அதில் விவரித்தார். புற்றினுள்ளே காளான் வளர்தலையும் கண்டு எழுதினார்.

கரையான் தின்ற மரம் அதன் வயிற்றில் முற்றும் செரிப்பதில்லை. அக்கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேனடைபோல் அறைகளை அமைக்கின்றது. அவற்றிற் படரும் நுண்ணிய பூஞ்சணம் மரச்சத்தைச் சிதைத்து உணவாக்க, ஆங்குத் தோன்றும் வெண்மணிகளைக் கரையான் உண்ணுகின்றது. மழைக்குப்பின் புற்றின்மேல் எழும் காளான் அப்பூஞ்சணத்தின் பலனே. லின்னேயஸ் வகுத்த முறையிலோ, காளான் யாவும் பூவற்ற தாவரங்களோடு கடைசி வகுப்பிற் கிடந்தன. கோனிக் கண்டதற்கு, டெர்மிட்டோமைசிஸ் என்னும் தனிப் பேரினத்தை ரோஜர் ஹெய்ம் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்தது 1942-ஆம் ஆண்டிலாகும்.

கோனிக் தம் சேகரங்களையெல்லாம் தாமே வகுத்து வெளியிடப் பெற்றாரல்லர். 1785-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள், காக்கிநாடாவையடுத்த ஜகந்நாதபுரத்தில் சீதபேதியால் இறந்தார். ராக்ஸ்பரோ என்னும் இளைய தாவர நூலார் இறுதி நாட்களில் உடனிருந்தார். கோனிக்கின் குறிப்புக்கள் அவர்தம் விருப்பப்படி லண்டனிலிருந்த பாங்க்ஸ் பிரபுவைச் சேர்ந்தன. தாம் பெயரிடாது விட்ட பலவற்றிற்குப் பிறரே பெயரிட்டனர்.

ஆயினும் அவர் பெயர் நம்மிடையே உளது. 1771-இல் கறிவேப்பிலைக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ், அதில் தம் மாணாக்கரின் பெயரைச் சேர்த்தார். நாடோறும் அதனை இலையோரத்தில் ஒதுக்கும் நாம், ஒருமுறையேனும் அவரை நினைப்போமாக.